எண் நாற்பத்தேழு விழுந்த விதம்

போன ஆனி மாதம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக்குப் புதுச் சாமியார் வந்தார். வந்த முதல் ஞாயிறே பீடத்தில் நின்று, இந்தப் பங்கில் ஆவியானவர் இல்லை என்று அறிவித்தார். முப்பது வருஷமாக அதே கோயிலில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவன் நான். கூரை ஒழுகுவது தெரியும், மைக் கரகரப்பது தெரியும். இப்படி ஒரு குறை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குறையைத் தீர்க்க அவரே வழியும் சொன்னார். பங்குப் பேரவைக்காரர்கள், குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நிற்பவர்கள், கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அருங்கொடைத் தியானத்தில் மூன்று நாள் கலந்துகொண்டு, 'ஆவியில் இளைப்பாறினார்' என்று சீல் வைத்த தாள் கொண்டுவர வேண்டும். இளைப்பாறுவது என்றால் விழுவது. போதகர் நெற்றியில் கை வைப்பார். நாம் மல்லாக்க விழ வேண்டும். கொஞ்ச நேரம் பாயில் கிடந்துவிட்டு எழுந்து வரலாம்.

நான் பேரவைச் செயலாளர். சம்பளமில்லாத பதவிதான். ஆனால் திருவிழா அன்று தேருக்கு முன்னால் நாலு பேர் பார்க்க நடக்கலாம். அந்த நடையை விட மனசில்லாமல் பெயர் கொடுத்தேன்.

லூர்துசெல்வி பெயர் கொடுத்த காரணம் வேறு. நாகலூர் பக்கம் நான் ஆள் பதிவு எழுதும் ரைட்டராக இருக்கும் காப்பி எஸ்டேட்டில்தான் அவளும் வேலை. பழம் பறிப்பாள், பறித்ததை மூட்டை கட்டி முதுகில் ஏற்றிச் சரிவிலிருந்து ரோட்டுக்குக் கொண்டு வருவாள். அறுபது கிலோ மூட்டை. ஆண்களே இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும் ஏற்றம் அது. புருஷன் சர்க்கரை நோயில் போய் நாலு வருஷமாகிறது. ஒரே மகள் கவிதாவுக்குத் தபசுக்காலம் தொடங்குவதற்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் குறித்திருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்ட பிறகுதான் தாலி ஏறும். முதல் ஓலை வருகிற ஞாயிறு வாசித்தாக வேண்டும். தவறினால் தபசுக்காலம் வந்துவிடும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை மஸ்கட்டில் ஓட்டல் வேலை. லீவு முடிந்து விமானம் ஏறினால் மறுபடி வர இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை வீட்டார் மனசு எங்கெங்கே போகும் என்று யார் கண்டது?

“அந்தத் தாள் இல்லீன்னா ஓலை வாசிக்க மாட்டேனுட்டாருங்க சாமியாரு,” என்றாள் என்னிடம். “போயி உழுந்துட்டு வந்துர்றேனுங்க ரைட்டரய்யா. மூணு நாள்தானுங்களே.”

விழுவது அவ்வளவு சுலபம் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

தியான இல்லம் நாகலூர் ரோட்டிலிருந்து அறுபத்திரண்டு படி கீழே இருந்தது. பெயர் 'அக்கினி அருவி'. நெருப்பும் தண்ணீரும் ஒரே பெயர்ப்பலகையில் எப்படி ஒத்துப்போகின்றன என்று நான் கேட்கவில்லை. முன்பு காப்பிக்கொட்டை காயவைத்த சிமெண்டுக் களத்துக்கு மேலே தகரம் போட்டு அரங்கமாக்கியிருந்தார்கள். மேலே, ரோட்டு ஓரத்தில், படி தொடங்கும் இடத்தில் ஹனீபா பாயின் டீக்கடை. அதுதான் உலகத்தின் கடைசி எல்லை என்றும், அதைத் தாண்டி மூன்று நாளைக்கு யாரும் ஏறக்கூடாது என்றும் தியான இல்ல வாசலில் எழுதிப் போட்டிருந்தது.

பதிவு மேசையில் சூசைமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் 'தாங்குவோர் அணித் தலைவர்' என்று அட்டை. விழுகிறவர்களைப் பின்னாலிருந்து பிடித்துப் பாயில் கிடத்துவது அந்த அணியின் வேலை. அவருக்கு முன்னால் நீளமான பதிவேடு ஒன்று விரிந்திருந்தது. எண், விழுந்த வேளை, கிடந்த நிமிடம், எந்தப் பக்கம் என்று கோடு போட்டிருந்தார்.

“பக்கம் எதுக்குங்க?” என்றேன், ஒரு எழுத்து வேலைக்காரன் இன்னொருவனைக் கேட்கும் ஆர்வத்தில்.

“முன்னால விழுந்தா அது உணர்ச்சிவசம். பக்கவாட்டுல விழுந்தா தலைசுத்தல். பின்னால விழுந்தாத்தான் சார் ஆவி,” என்றார். “டிக்கெட் இல்லாம வர்றவனைப் பார்த்த கண்ணு இது. ஏமாத்த முடியாது.”

எனக்கு எண் நாற்பத்தாறு கொடுத்தார். லூர்துசெல்விக்கு நாற்பத்தேழு. அடுத்ததாக ஒரு மூங்கில் கூடையை நீட்டினார்கள். அதன் பெயர் விசுவாசக் கூடை. பிரஷர், சர்க்கரை, தைராய்டு என்று யார் என்ன மாத்திரை வைத்திருந்தாலும் அதில் போட்டுவிட வேண்டும். மூன்று நாள் ஆண்டவர் பார்த்துக்கொள்வார். தொண்ணூறு பேருக்கு அந்தக் கூடை போதவில்லை, இன்னொன்று கொண்டுவந்தார்கள். நான் பிரஷர் மாத்திரையில் பாதியைப் போட்டுவிட்டு மீதியைச் சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். விசுவாசம் எனக்கும் உண்டு, அதற்கு ஒரு அளவும் உண்டு.

தலைமைப் போதகர் பிரதர் தனிஸ்லாஸ் மேடை ஏறினார். ஐம்பது வயது, நல்ல உடம்பு, வெள்ளை ஜிப்பா, மின்னுகிற நெற்றி. தான் தொடங்கிய மூன்று நாள் உபவாசத்தை அறிவித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

“சகோதர சகோதரிகளே, நான் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவன். மாசம் நாற்பது பாலிசி பிடித்தேன். கேடயம் கொடுத்தார்கள். ஒருநாள் ஆண்டவர் என்னைக் கூப்பிட்டு, மகனே, உயிருக்கு இன்சூரன்ஸ் போதும், இனி ஆன்மாவுக்குப் பிடி என்றார். இன்றைக்கு மாசம் நானூறு ஆன்மா! டார்கெட்டும் அதே மாதிரிதான், ரிப்போர்ட்டும் அதே மாதிரிதான். மேலதிகாரி மட்டும்தான் மாறியிருக்கிறார். அல்லேலூயா சொல்லுங்கள்!”

சொன்னோம். சத்தம் போதவில்லை என்றார். தகரம் அதிரச் சொன்னோம். கீபோர்டுக்காரர் ஒரே சுருதியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானமே முதல் வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். என் முறை வந்தது. தனிஸ்லாஸ் உள்ளங்கையை என் நெற்றியில் வைத்து லேசாக ஒரு தள்ளு தள்ளினார். எனக்கு ஆவி வந்ததா என்று கேட்டால், மூட்டுவலி வந்தது என்பதுதான் சரி. இரண்டு மணி நேரமாக நின்றிருந்தேன். பின்னால் பாய் இருந்தது, பிடிக்க ஆள் இருந்தது. விழுந்தேன். ஏழு நிமிடம் கண்ணை மூடிக் கிடந்தேன், சுகமாகத்தான் இருந்தது. “நாற்பத்தாறு, பின்பக்கம்!” என்று சூசைமாணிக்கம் கத்தியது காதில் விழுந்தது.

அடுத்தது அவள். ஓரக்கண்ணைத் திறந்து பார்த்தேன். லூர்துசெல்வி கண்ணை இறுக மூடி, கையைக் கட்டி, உதட்டுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நின்றாள். கை வைத்தார். நின்றாள். தள்ளினார். நின்றாள். “விடு! விட்டுக்கொடு!” என்று காதில் கத்திக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினார். அவளுடைய கால் கட்டைவிரல் இரண்டும் சிமெண்டுத் தரையை அழுத்திப் பிடித்தன, அவ்வளவுதான். பிரதரின் செருப்புதான் ஒரு சாண் பின்னால் வழுக்கிப் போயிற்று.

பெண்களைத் தாங்குவதற்கு நிறுத்தியிருந்த அடிவாரத்து ராணி அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டியபடி காத்திருந்தாள். கை வலித்திருக்க வேண்டும், இறக்கிவிட்டாள்.

“ஏனம்மா, ஏன் எதிர்க்கிறீர்கள்?” என்றார் தனிஸ்லாஸ், மைக்கிலேயே.

“எதுக்கலீங்க பிரதர். நீங்க தள்ளுனீங்கன்னா காலு தானா ஊணிக்குதுங்க. மூட்டை தூக்கற காலுங்க. சரிவுல உழுந்தா மூட்டையும் போச்சு, ஆளும் போச்சு.”

தொண்ணூறு பேருக்கு நடுவில் 'தள்ளுகிறார்' என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள். கீபோர்டு நின்றது. ஒரு நிமிடம் அரங்கமே தரையைப் பார்த்தது. அப்புறம் யாரோ சமயோசிதமாகப் பாட்டைத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை அவளைத் 'தடை கண்டறியும் அறை'க்குக் கூப்பிட்டார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் என்னையும் சாட்சியாக உட்காரச் சொன்னார்கள். தனிஸ்லாஸ் கையில் எழுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது.

“சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனதுண்டா?”

“பஸ்ஸு அந்த வழியாத்தானுங்க போகுது.”

“இறங்கினீர்களா?”

“கூட்டம் நொம்ப இருந்துச்சுங்க. பஸ்ஸே நின்னுபோச்சு. பொரி வாங்கித் தின்னமுங்க.”

தனிஸ்லாஸ் 'பொரி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

“முன்னோரில் யாராவது வித்தியாசமான காரியம் செய்ததுண்டா? மாந்திரீகம், தற்கொலை, பிடிவாதம்?”

“எங்கப்பன் மழையில பாலம் போனப்ப, இடுப்பளவு தண்ணியில நின்னு ஒம்பது பேரைக் கரை சேத்துனாருங்க. கவுறு கட்டல. அவரும் உழுகலீங்க.”

தனிஸ்லாஸ் பேனாவை வைத்தார். கண்ணை மூடினார். ஆவியானவரோடு கொஞ்ச நேரம் கலந்தாலோசித்துவிட்டுத் திறந்தார்.

“கண்டுபிடித்துவிட்டேன். இது பரம்பரை. நிற்கும் ஆவி. தகப்பனிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. பொரி அதற்குத் தீனி. என் ஊழியத்தில் குடி ஆவி, கோப ஆவி, சீரியல் ஆவி எல்லாம் பார்த்திருக்கிறேன். இது புதிது.” படிவத்தில் அச்சடித்திருந்த ஆவிகளின் பட்டியலுக்குக் கீழே கையால் ஒன்றைச் சேர்த்தார். அவருக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

“நின்னா தப்புங்களா பிரதர்?” என்றாள் அவள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

“நிற்பது மனித பலம், சகோதரி.”

நிற்கும் ஆவியை விரட்ட அவளை, ஆவி வந்தவர்கள் பேசும் புரியாத மொழியைப் பழக்கும் பரவசப் பேச்சு வகுப்புக்கு அனுப்பினார்கள். நாக்கு தளர்ந்தால் கால் தானாகத் தளரும் என்பது அவர்கள் கணக்கு. 'பரவசப் பேச்சு: தொடக்க நிலை' என்று ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். அதில் ஷ, ர, ப எழுத்துகள் வரிசை வரிசையாக இருந்தன. வேகமாகப் படித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தாள் தேவைப்படாது என்றார்கள். லூர்துசெல்வி ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி இரண்டு வரி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. மற்றவர்கள் அதற்குள் பட்டம் வாங்கும் அளவுக்குப் போயிருந்தார்கள். “இதுக்கு என்னுங்க அர்த்தம்?” என்று அவள் கேட்டபோது, அர்த்தம் தேடுவது அறிவின் அகந்தை என்று பதில் வந்தது. எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. நாற்பத்தைந்து வயது வரை அகந்தை என்று ஒன்றைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண்ணிடம் போய் இதைச் சொல்கிறார்கள். கோபத்தோடு நானும் என் தாளில் அடுத்த வரியைப் படித்தேன்.

அன்று மாலை இரண்டாவது முயற்சி. காலைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். தாடையை மேலே தூக்கச் சொன்னார்கள். குதிகாலில் நிற்கச் சொன்னார்கள். இதற்கு 'ஆவிக்கு உகந்த நிலை' என்று பெயர். அப்படி நின்றால் தூணே விழும். இரண்டு உதவிப் போதகர்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொள்ள, தனிஸ்லாஸ் நெற்றியில் கை வைத்தார். லூர்துசெல்வி ஒரே ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள். அங்கே ஊன்றி நின்றுகொண்டாள்.

“ஒரு அடி நகர்ந்திருக்கு பிரதர். அரை விழுதல்னு எழுதிக்கலாமா?” என்றார் சூசைமாணிக்கம் கரிசனத்தோடு.

“அரைக்குக் கட்டம் இருக்கிறதா?”

“இல்லைங்க.”

“அப்புறம்?”

டீக்குப் பதில் கொடுத்த சுக்குத்தண்ணீரோடு நானும் லூர்துசெல்வியும் படியோரம் உட்கார்ந்திருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, சும்மா உழுந்துருங்க. நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன்,” என்றாள் மெதுவாக. “அஞ்சு வருசமா புடிக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா? நூத்துல தொண்ணூறு பேரு, பின்னால நான் நிக்கறனான்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் உழுகறாங்க.”

“ஆண்டவரு பேரைச் சொல்லிப் பொய்யா உழுகறதுங்களா?”

“பொண்ணு கல்யாணங்க்கா.”

லூர்துசெல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். “அதுக்குத்தான் வந்தேன். நெசமா உழுந்துரோணும்னுதான் ராப்பகலா வேண்டிக்கறேன். எனக்கு என்னமோ வரமாட்டேங்குது. எங்கிட்ட என்ன கொறைன்னும் தெரியல.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “ரைட்டரய்யா, நீங்க நெசமாலுமே உழுந்தீங்களாங்க?”

முப்பத்தொரு வருஷமாக எஸ்டேட்டில் ஆள் பதிவு எழுதுகிறேன். வந்தவரை வந்தார் என்றும் வராதவரை வரவில்லை என்றும் எழுதிப் பழகிய கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு, “ஆவி அவங்கவங்களுக்கு ஒவ்வொரு மாதிரி வரும் செல்வி,” என்றேன். அவள் தலையாட்டி நம்பினாள். அதைவிடக் கேவலமாக நான் எதையும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி வரிசை. பிரதர் தனிஸ்லாஸ் மூன்றாவது நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மைக்கில் சொன்னார்கள். அவரும் முகம் வெளுத்து, ஒரு தினுசாகத்தான் இருந்தார். விழுந்தவர்களெல்லாம் ஒதுங்கி உட்கார்ந்திருக்க, எண் நாற்பத்தேழு மட்டும் நடுவில் நின்றது. அவள் பின்னால் ராணி. ராணிக்குப் பின்னால், முன்னெச்சரிக்கையாக, தாங்குவோர் அணி முழுவதும்.

தனிஸ்லாஸ் வந்து நெற்றியில் கை வைத்தார். கை நடுங்கியது. “நிற்கும் ஆவியே!” என்று தொடங்கினார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண் மேலே செருகியது. அப்படியே முன்னால் சரிந்தார்.

அணி முழுவதும் அவளுக்குப் பின்னால் நின்றதால் அவரைத் தாங்க ஒரு ஆள் இல்லை. லூர்துசெல்விதான் கண்ணைத் திறந்து, அக்குளுக்குள் கை கொடுத்துப் பிடித்து, தரையில் கிடத்தினாள்.

அரங்கம் வெடித்தது. போதகரையே வீழ்த்தும் அபிஷேகம் என்று உதவிப் போதகர் மைக்கில் அழுதார். கீபோர்டு உச்சத்துக்குப் போனது. யாரோ ஓடிவந்து அவர் மேல் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். சூசைமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

“ஏனுங்க, இது மயக்கமுங்க!” லூர்துசெல்வி கத்தினாள். “கை சில்லுன்னு போச்சு, வேர்த்து ஊத்துது பாருங்க. எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வருமுங்க. சக்கரை எறங்கிப் போச்சு. ஒரு வாய் சக்கரை குடுங்க யாராச்சும்!”

கடைசி நாள் எல்லோருக்கும் உபவாசம் என்று சமையல்கட்டு பூட்டியிருந்தது. சாவி தனிஸ்லாஸிடம்தான் இருந்தது.

“தொடாதீங்கம்மா, அவர் ஆண்டவர் சமுகத்துல இருக்கிறார்,” என்றார் உதவிப் போதகர்.

“இன்னுங் கொஞ்ச நேரம் இப்படியே போட்டு வெச்சீங்கன்னா நெசமாவே அங்க போயிருவாருங்க!”

“அவிசுவாசம் பேசாதீங்க. எல்லாரும் இன்னும் சத்தமா!”

தொண்ணூறு பேரும் இன்னும் சத்தமாகப் பாடினோம். நானும் பாடினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

லூர்துசெல்வி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் குந்தி உட்கார்ந்து, போதகரின் இரண்டு கையையும் தன் தோளுக்கு மேல் இழுத்து, முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். எண்பத்தைந்து கிலோ இருப்பார் மனிதர். வெள்ளைத் துணி பின்னால் தரையில் புரண்டது. ராணி ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். உதவிப் போதகர் குறுக்கே வந்தார். “நவுருங்க!” என்று அவள் போட்ட ஒரு சத்தத்தில் நகர்ந்தார். அறுபத்திரண்டு படி. ஓரிடத்திலும் அவள் இறக்கி வைக்கவில்லை. அவள் கடைசிப் படி ஏறும்போதுதான், பின்னாலேயே ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஹனீபா பாய் டீக்கடை பெஞ்சைக் காலி செய்தார். சர்க்கரையை நனைத்து ஈறில் தேய்த்தார்கள். கொஞ்சம் கண் அசைந்ததும் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கால்மணி நேரத்தில் தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்து, டம்ளரைத் தானே வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு ஒரு பன்னும் கேட்டார். நிமிர்ந்து உட்காரும்போது ஜிப்பாப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. சர்க்கரை மாத்திரை. மூன்று நாளுக்கானது தீர்ந்திருந்தது.

ஹனீபா பாய் அதை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் அந்த நோய் உண்டு. “மாத்திரை போட்டா சாப்புடோணுமுங்க. சாப்புடாம இருந்தா மாத்திரை போடக்கூடாதுங்க. ரெண்டுல ஒண்ணுதானுங்க,” என்று சொல்லி அவர் பையிலேயே திருப்பி வைத்தார். தொண்ணூறு பேரின் மாத்திரை கீழே இரண்டு கூடையில் கிடந்தது.

சாயங்காலம் நிறைவுக் கூட்டம். பிரதர் தனிஸ்லாஸ் பன்னின் தெம்பில் மேடையேறினார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

“நான் விழுந்தேன், பிரியமானவர்களே! இருபது வருஷ ஊழியத்தில் இப்படி விழுந்ததில்லை. ஒரு வானதூதர் என்னைத் தம் முதுகில் சுமந்து, படிப்படியாக உன்னதத்துக்கு ஏற்றிச் சென்றார். அங்கே எனக்கு இனிப்பான ஒரு பானம் ஊட்டப்பட்டது. உலகத்து இனிப்பு அல்ல அது!”

மேலே ஹனீபா பாய் காதில் மைக் சத்தம் விழுந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ. கூட்டம் அழுதது. லூர்துசெல்வி அழவில்லை. முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தாள் கொடுக்கும் வரிசையில் போய் நின்றாள். தாள் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தியானம் எப்போது, அது தபசுக்காலத்துக்கு முந்தியா என்று கேட்கத்தான் போனாள்.

சூசைமாணிக்கம் பதிவேட்டைப் பார்த்தார், சீல் வைத்தார், தாளை நீட்டினார். 'எண் 47. ஆவியில் இளைப்பாறினார். 22 நிமிடம், பின்பக்கம். சிறப்பு அபிஷேகம்.'

“நான் உழுகலீங்களே!”

“உங்க நம்பர் கூப்பிட்டப்ப விழுதல் நடந்துச்சா இல்லையா?”

“நடந்துச்சுங்க. உழுந்தது பிரதருங்க.”

“யார் விழுந்தாங்கன்னு போட இதுல கட்டம் இல்லைம்மா. நம்பருக்கு நேரா விழுதல் இருக்கணும், இருக்கு. போதகருக்கு நம்பர் கிடையாது, அவருக்குத் தனியா எழுத வழியில்லை.” குரலைத் தாழ்த்தினார். “முன்பக்கம் விழுந்ததைப் பின்பக்கம்னு நானே மாத்திப் போட்டிருக்கேன். உங்களுக்காக. வாங்கிட்டுப் போங்க.”

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது அதை மடிக்காமல், கசங்காமல், தனக்குச் சொந்தமில்லாத பொருளைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் மழையிலும் சேற்றிலும் விழாத பெண்ணை ஒரு பதிவேட்டில் விழவைத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கால்மணி நேரம் முன்பு பங்கு அலுவலகத்துக்கு வந்தாள். நான் ஓலை வாசிக்க வேண்டிய பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். சாமியார் தாளை வாங்கிப் பார்த்தார்.

“இருபத்திரண்டு நிமிஷமா! எனக்கே பதினொண்ணுதான் வந்தது,” என்றார். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

“சாமி, அதுல இருக்கறது பொய்யிங்க. நான் உழுகலீங்க.”

“சீல் இருக்குல்லம்மா?”

“இருக்குதுங்க.”

“அப்புறம் என்ன?”

“பொய்யின்னு சொல்றேனுங்களே சாமி.”

“பாரும்மா, ஓலை வாசிக்கணுமா, வேண்டாமா? எனக்குப் பூசைக்கு நேரமாகுது.”

லூர்துசெல்வி தலையைத் திருப்பினாள். வெளியே கவிதா தலையில் முக்காட்டோடு மாப்பிள்ளையின் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“ரைட்டரய்யா, பேனா குடுங்க,” என்றாள்.

கொடுத்தேன். மேசை மேல் குனிந்து, சீலுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நேரமாயிற்று. சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டே, “கையெழுத்தா? போடட்டும், போடட்டும்,” என்றார். அவள் எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுப் பீடத்துக்குப் போய்விட்டார். ஓலைப் பெயர்களை முடிக்கும் அவசரத்தில் நானும் அதைப் படிக்காமலே மற்றத் தாள்களோடு வைத்தேன்.

அன்றைக்கு முதல் ஓலை வாசித்தார்கள். யாருக்கும் தடை இல்லை. குறித்த திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பிரதர் தனிஸ்லாஸின் வானதூதர் சாட்சி இப்போது யூடியூபில் ஓடுகிறது, பார்த்தவர்கள் எண்ணிக்கையைச் சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார்.

தபசுக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் தாள்களை வரிசைப்படுத்திக் கோப்பில் கட்டும் வேலை எனக்கு. எண்படி அடுக்கினேன். நாற்பத்தேழு வந்தது. சீலுக்குக் கீழே கோணல் மாணலாக, அழுத்தி எழுதிய எழுத்து: 'நான் விழுகவில்லை. விழுந்தவரைத் தூக்கினேன். லூர்துசெல்வி.'

அதற்கு மேலே இருந்தது நாற்பத்தாறு, என்னுடையது. ஏழு நிமிடம், பின்பக்கம். சீலுக்குக் கீழே என் தாளிலும் நாலு விரல்கடை இடம் இருந்தது. பேனா கையில்தான் இருந்தது, அறையில் வேறு யாரும் இல்லை. பேனாவை மூடி, கோப்பைக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.